வரப்பு காக்கும் ஃபங்ஷன்

தர்மபுரியை அடுத்த செட்டிகரை அரசு பொறியியல் கல்லூரியில் சி பிளஸ் பிளஸ் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல ஆசை: சிமேக்கில் ஒரு ஃபங்ஷன் எழுதிப் பாருங்கள்.

நிரலைக் கட்டும் வேலையை 1976-இல் எளிதாக்கியது, பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக். அதே வேலைக்கு உதவும் கிட்வேர் நிறுவனத்தின் சிமேக் 2000-இல் வந்தது.

20 சோதனை நிரல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் கட்ட, நூலகத்தோடு இணைக்க, சோதனைப் பட்டியலில் சேர்க்க சிமேக்கில் மூன்று வரி. ஆக 60 வரி. அந்த மூன்றையும் 'ஃபங்ஷன்', 'எண்ட்ஃபங்ஷன்' இரண்டுக்கும் நடுவே ஒரு தடவை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி அழைப்பு போதும். பெயர் குறித்த உள்ளீடுகளுக்கு மேல் எத்தனை கோப்பு கொடுத்தாலும் 'ஆர்க்என்' பட்டியலில் வந்து சேர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபங்ஷனின் கட்டுப்பாடு. வரப்பு கட்டிய வயல்போல, உள்ளே வைத்த சாதாரண மாறி வெளியே கசியாது. மதிப்பை வெளியே அனுப்ப 'பேரண்ட் ஸ்கோப்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஃபங்ஷனைப் போலவே சிமேக்கில் எழுதக்கூடிய மேக்ரோவுக்கு அந்த வரப்பு இல்லை. அதற்குள் வைத்த மாறி, அழைத்த இடத்திலேயே தங்கிவிடும்.

தக்க காரணம் இல்லாமல் மேக்ரோ எழுதாதீர்கள், ஃபங்ஷனே எழுதுங்கள்.