பாரமும் பாலேயும்

பாலேயின் சரித்திரத்தை, உடல் தன் எடையோடு நடத்திய வழக்கு என்று சொல்லிவிடலாம். 1661இல் பதினான்காம் லூயி நடனக் கழகம் அமைத்தபோது அது அரண்மனைக் கலை. தரையில் கோலமிடும் கலை. 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீத்' ஆடிய மரி தாக்லியோனி கால்விரல் நுனியில் எழுந்து நின்றார். அன்றிலிருந்து லட்சியம் மேலே போய்விட்டது.

1896இல் இரண்டாம் நிக்கலாஸின் முடிசூட்டு விழாவுக்காகப் பெத்திபா மாஸ்கோவில் அமைத்த பாலேயின் பெயர் 'முத்து'. கடலடியில் முத்துக்கள் ஆடின. தூத்துக்குடிக் கரையிலிருந்து பார்க்கிறவனுக்கு இது வேடிக்கை. இங்கே குளியாளி கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கிக் கீழே போனான். பாரம்தான் அவனுக்கு வழி. மேலே வரக் கயிறும், அதைப் பிடித்திருந்தவன் கையும் துணை. 1961உடன் அந்த முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று.

இதனால் பாலேயைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. விரல் நுனியில் நிற்பவளின் முழுப் பாரமும் அந்த நுனியில்தான் இறங்குகிறது. புண்ணைப் பட்டு ஜோடு மறைக்கிறது. மூச்சை முத்து மறைப்பது போல. மறைக்கிற திறமையையே கலை என்று கொண்டாடி வந்திருக்கிறோம்.

ருக்மிணி தேவியை நம் நாட்டு நடனத்தின் பக்கம் திருப்பியது ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் சொல். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. பரதத்தின் அரைமண்டி, பாரத்தை ஒப்புக்கொள்கிற நிலை. அதைக்கூட நம் சபாக்கள் அலங்காரமாகத்தான் பார்க்கின்றன. அந்த முழங்காலின் நோவு தெரியாத ரசிகனுக்கு முத்தின் விலை மட்டும்தான் தெரியும்.