தேற்றம் தராத உரிமம்

புதிய தேடல் அல்காரிதத்தை முன்வைக்கும் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் முன்னுரையில் ‘இலவச உணவில்லை’ தேற்றம் ஒரு சடங்கு போல இடம்பெறுகிறது. எல்லாச் சிக்கல்களுக்கும் சிறந்ததென ஒரே அல்காரிதம் இருக்க முடியாது, ஆகவே இன்னொன்று தேவை என்று வாதம் போகிறது. மின்மினி, வௌவால், திமிங்கிலம் என உயிரினங்களின் பெயரில் அடுத்தடுத்து வரும் உகப்பாக்க முறைகளுக்கு இந்த வாதமே பெரும்பாலும் அரண். 2014இல் வெளியாகி ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டிய சாம்பல் ஓநாய் முறையும் தன் தேவைக்கு இதையே காரணமாகச் சொன்னது. வாதத்தின் முதல் பாதி சரியானது. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை.

டேவிட் வோல்பர்ட்டும் வில்லியம் மெக்ரெடியும் 1997இல் வெளியிட்ட தேற்றம் இது: முடிவுள்ள தேடல் வெளியில் அமையக்கூடிய எல்லாச் சார்புகளையும் சம எடையில் எடுத்துச் சராசரி பார்த்தால், பார்த்த புள்ளியை மறுபடி பார்க்காத எந்த இரண்டு அல்காரிதங்களும் ஒரே அளவுதான் சாதிக்கும். நிரூபணத்தின் சாரம் எளிது. மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1 மதிப்பு என்றால் மொத்தம் 8 சார்புகள். முதல் புள்ளியில் 1 தெரிந்தால் 4 சார்புகள் மிஞ்சும். இரண்டாவதையும் பார்த்தால் 2 மிஞ்சும். அவற்றுள் ஒன்றில் மூன்றாம் புள்ளியின் மதிப்பு 0, மற்றதில் 1. பார்த்த மதிப்புகள் பார்க்காத புள்ளியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எனவே மேட்டை நோக்கி ஏறும் முறையும், உச்சியைத் தேடிக்கொண்டே பள்ளத்தில் இறங்கும் முறையும், மனம்போனபடி புள்ளிகளைத் தொடும் முறையும் சராசரியில் சமம்.

தேற்றத்தால் விளைந்த நன்மை உண்டு. மரபணு அல்காரிதம் எதற்கும் பொருந்தும் என்று நிலவிய நம்பிக்கையை அது அடக்கியது. சிக்கலைப் பற்றிய அறிவு இல்லாமல் வெற்றி இல்லை என்று உணர்த்தியது. உவமையிலிருந்து பிறந்த முறைகள் எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது: உலோகத்தைச் சூடாக்கி மெல்லக் குளிர்விப்பதைப் பார்த்து 1983இல் எழுந்த முறையும், மார்க்கோ டொரிகோ 1992இல் முன்வைத்த எறும்புக் கூட்ட முறையும் நிலைத்துவிட்டன.

ஆனால் ‘எல்லாச் சார்புகளும்’ என்ற நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதை அந்த முன்னுரைகள் எண்ணிப் பார்ப்பதில்லை. நூறு ஆம்–இல்லை முடிவுகள் கொண்ட ஒரு சிக்கலில் 2¹⁰⁰ புள்ளிகள் இருக்கின்றன. அது 10³⁰ஐத் தாண்டும் எண். மதிப்பு வெறும் 0 அல்லது 1 என்றாலும், அவற்றின் மேல் அமையும் சார்புகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றை எழுதி வைக்க ஏறத்தாழ அத்தனை பிட்டுகள் வேண்டும். உலகின் எந்தக் கணினியிலும் அவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. மனிதர்கள் தீர்க்க விரும்பும் சிக்கலோ சில பக்கங்களில், ஒரு தரவுக் கோப்பில் அடங்கிவிடுகிறது.

தேற்றம் எந்தச் சிக்கல்களுக்குப் பொருந்தும் என்பதற்குக் கணித விடையும் உண்டு. ஷூமாக்கர், வோஸ், விட்லி மூவரும் 2001இல் காட்டியபடி, சம எடையில் எடுக்கும் ஒரு சார்புத் தொகுதிக்குத் தேற்றம் பொருந்த வேண்டுமானால், புள்ளிகளின் மதிப்புகளை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் கிடைக்கும் சார்பு அதே தொகுதிக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தொகுதிகள் மிக அரிது என்று பின்னர் இகெலும் டூசாண்டும் நிறுவினர். நகரங்கள் அனைத்தையும் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைத் தேடும் பயண விற்பனையாளர் சிக்கலைப் பார்த்தாலே போதும். ஆயிரம் நகரங்களின் சுற்றில் இரண்டு இணைப்புகளை நீக்கி வேறு இரண்டைச் சேர்த்தால் 998 இணைப்புகள் அப்படியே நிற்கும். ஆகவே அண்டைச் சுற்றுகளின் நீளங்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். சுற்றுகளின் நீளங்களைக் கலைத்துப் போட்டால் வருவது பொதுவாக எந்த நகரத் தொகுதிக்கும் உரியதாக இராது. இந்த அமைப்பைப் பிடித்துக்கொண்டுதான் 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட சுற்றொன்று மிகக் குறுகியதே என்று நிறுவ முடிந்தது. தேற்றம் அங்கே தடையாகவும் இல்லை, துணையாகவும் இல்லை.

ஆகவே தேற்றத்தைத் துணைக்கு அழைக்கும் கட்டுரைக்கு இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கின்றன. தன் சிக்கல்களுக்குத் தேற்றம் பொருந்தும் என்றால், புதிய முறையும் மனம்போன தேடலும் ஒன்றே. எழுத வேண்டிய தேவையே இல்லை. பொருந்தாது என்றால் அதைச் சான்றாகக் காட்ட உரிமை இல்லை. தேற்றம் பொருந்தாத இடத்தில் முறைகளுக்குள் வேறுபாடு இருக்கலாம். எது மேல் என்பதை அது சொல்லாது. முன்னுரையில் எந்த முறையும் எல்லாவற்றுக்கும் சிறந்ததல்ல என்று எழுதிவிட்டு, முடிவுரையில் 29 சோதனைச் சார்புகளில் மற்றவற்றை வென்றது அல்லது அவற்றுக்கு ஈடுகொடுத்தது என்று பொதுத் திறனை நிலைநாட்ட முனைவது ஆய்வு ஒழுங்கு ஆகாது.

அந்தச் சோதனையும் பழுதுடையது. வழக்கமாக எடுத்தாளப்படும் ராஸ்ட்ரிஜின், ஆக்லி, கிரீவாங்க் சார்புகளின் மூல வடிவத்தில் மிகச் சிறந்த புள்ளி ஆதிப்புள்ளியிலேயே இருக்கிறது. தேடலைத் தன்னையறியாமல் நடுவை நோக்கி இழுக்கும் முறை அங்கே எளிதில் வெல்லும். புதிய முறைகள் பலவற்றில் இந்தச் சாய்வு இருப்பதை யாகுப் கூடேலா 2022இல் எடுத்துக்காட்டினார். சிறந்த புள்ளியைச் சற்று நகர்த்தி வைத்தால் வெற்றி கரைந்துபோகிறது. புதுமையும் நிலைக்கவில்லை. 2010இல் வைலண்ட், இசை இணக்கத்தின் பெயரில் வந்த முறை பழைய பரிணாம உத்தியின் ஒரு தனி வகையே என்று காட்டினார். 2020இல் காமாச்சோ வில்லலோன், டொரிகோ, ஸ்டுட்ஸ்லே மூவரும் ஓநாய், மின்மினி, வௌவால் முறைகளில் முன்பே இருந்த துகள் திரள் முறைக்கு மேல் புதிதாக ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தனர். எறும்பு முறையைத் தந்தவரே அவர்களுள் ஒருவர் என்பதால், உவமையின் மீதான வெறுப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

புதிய முறை ஒன்று எந்த வகைச் சிக்கலுக்கு உரியது, அதன் எந்த அமைப்பைப் பயன்படுத்துகிறது, அந்த அமைப்பை எடுத்துவிட்டால் எவ்வளவு தோற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்லாமல் தேற்றத்தை மட்டும் காட்டும் கட்டுரையை ஆய்விதழ்களின் நடுவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.