காணாமல் போன முதல் ‘கேட்ஸ்பி’

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் 1925 ஏப்ரலில் வெளிவந்தது. மறு ஆண்டே ஓவன் டேவிஸ் அதை நாடகமாக்க, ஜார்ஜ் குக்கோர் இயக்கத்தில் பிராட்வேயில் அது மேடையேறியது. அதே 1926 நவம்பரில் ஹெர்பர்ட் பிரெனான் இயக்கிய மௌனப்படத்தை பாரமவுண்ட் வெளியிட்டது. வார்னர் பாக்ஸ்டர் கேட்ஸ்பியாகவும் லோயிஸ் வில்சன் டெய்சியாகவும், மனைவியைப் பறிகொடுத்துத் துப்பாக்கி ஏந்தும் வில்சனாக வில்லியம் பவலும் நடித்தனர். அந்தப் படத்தின் ஒரு நிமிட அளவிலான முன்னோட்டம், சில நிழற்படங்கள், அன்றைய விமர்சனங்கள் ஆகியவையே இன்று மிஞ்சியுள்ளன. நாவல்தான் பத்திரமாக இருக்கிறதே, படம் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாவலை அதன் காலத்து மக்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்கான சாட்சியம் அந்த நாவலுக்குள் இருப்பதில்லை. தழுவல் படம் அழியும்போது நாம் இழப்பது அந்தச் சாட்சியத்தைத்தான்.

இந்த இழப்பு ஒரு படத்தோடு நிற்பதும் அல்ல. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப்படங்களில், மூல வடிவில் முழுமையாகக் கிடைப்பவை 14 சதவீதமே என்று அது கணக்கிட்டது. அன்றைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும்; தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் சிதைந்துபோகும். பேசும்படம் வந்த பிறகு பழைய சுருள்களுக்குச் சந்தை இல்லை; அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதே லாபமாக இருந்தது. தழுவல் படத்துக்கு இன்னோர் ஆபத்தும் சேர்ந்தது. கதையின் உரிமை கையில் இருந்தால் அதை மறுபடி எடுக்கலாம். பாரமவுண்ட் 1949-இல் ஆலன் லாட் நடிக்க ‘கேட்ஸ்பி’யை மீண்டும் எடுத்தது, 1974-இல் வந்த படத்தையும் அதுவே வெளியிட்டது. கதைதான் சொத்து என்று கருதும் தொழிலில் பழைய படம் வெறும் சுமையாகிவிடுகிறது.

ஆனால் 1926-இன் படத்தில் இருந்ததைப் பின்னால் வந்த எந்தப் படத்தாலும் தர முடியாது. கேட்ஸ்பியின் விருந்தில் பொற்காசுகள் நீச்சல்குளத்தில் வீசப்படுவதையும், அவற்றுக்காக ஒரு பெண் தண்ணீரில் பாய்வதையும் அன்றைய நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் பதிவுசெய்துள்ளது. நாவலில் இந்தக் காட்சி இல்லை. பொற்காசு புழக்கத்தில் இருந்த நாட்டில், அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கக்கூடிய பார்வையாளர்களுக்காக அது எடுக்கப்பட்டது. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு தங்க நாணயங்களைத் திரும்பப் பெற்றுவிட்டது. மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே, அச்சட்டத்தை மீறிச் செல்வம் குவித்தவனின் கதையை அந்தப் படம் சொன்னது. 1974-இலும் 2013-இலும் வந்த படங்கள் 1920-களின் உடைகளையும் கார்களையும் தேடிப்பிடித்து அலங்கரிக்க வேண்டியிருந்தது. பிரெனானுக்கு அவை தெருவில் ஓடியவை, கடையில் விற்றவை. நாவலும் அப்போது செவ்வியல் நூலாகிவிடவில்லை. பெரிதாக விற்காத ஒரு புதுப் புத்தகம். பாடநூல் மரியாதையின் பாரம் இல்லாமல் அதை அணுகிய ஒரே திரைப்படம் இதுதான்.

படம் மோசமானது என்பதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டா எழுதிய கடிதத்தை எடுத்துக்காட்டுவார்கள். படத்தைக் கடுமையாகப் பழித்து, தாங்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டதாக அவர் எழுதினார். அந்தக் கருத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் படம் கையில் இல்லாததால், பல சாட்சியங்களில் ஒன்றாக இருக்க வேண்டியது இறுதித் தீர்ப்பாகிவிட்டது. கற்பனை வளம் போதாது என்று குறைகூறிய நியூயார்க் டைம்ஸ் விமர்சனமே நல்ல பொழுதுபோக்குப் படம் என்றும் சொன்னது. இரண்டில் எது சரி என்று சரிபார்க்க வழியில்லாமல் போனதே இழப்பின் அளவைக் காட்டுகிறது. படம் நாடகத்தின் வழியே வந்ததால் நாவலின் நேரடி வாசிப்பு ஆகாது என்பது மற்றோர் ஆட்சேபம். நூலிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் கதை இரண்டு ஆண்டுகளுக்குள் பயணித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பது அன்றைய ரசனையின் வரைபடம். மோசமான தழுவலும் அந்த வரைபடத்தைத் தரும். படத்தைக் காப்பதற்குத் தரத்தை நிபந்தனையாக்கினால் ஆவணக் காப்பகம் எதற்கு?

தொலைந்த படங்களை மீட்பதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் வெட்டுப்பட்ட பகுதிகள் 2008-இல் புவெனஸ் அயர்ஸில் கிடைத்தன. ஃபிராங்க் நாரிஸின் நாவலிலிருந்து ஸ்ட்ரோஹைம் எடுத்த ‘கிரீட்’ படத்தின் தொலைந்த பகுதிகளை நிழற்படங்களால் நிரப்பி 1999-இல் நான்கு மணிநேர வடிவம் உருவாக்கினார்கள். ‘கேட்ஸ்பி’யின் சுருள் எங்காவது கிடைக்கும் என்று காத்திருப்பது ஒன்றே வழியல்ல. முன்னோட்டத்தையும் நிழற்படங்களையும் விமர்சனங்களையும் நாடகத்தோடு ஒப்பிட்டு, நாவலின் வாசிப்பு வரலாற்றில் 1926-க்கு உரிய இடத்தை இன்றே எழுத முடியும். நாவலை ஆராய்பவர்கள் திரைப்பட ஆவணங்களையும் திரைப்படத்தை ஆராய்பவர்கள் இலக்கிய வரலாற்றையும் தங்கள் வேலையாக ஏற்றால்தான் அது நடக்கும்.