நாட்டுப்பண்ணும் மக்கள் குரலும்

பாட்டைத் திறனாயும் முறைகள் தமிழில் பல உள. சொல்லழகு, பொருளாழம், யாப்பமைதி, பண்ணின் பொருத்தம் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் ஒரு பாட்டின் தகுதியை அளப்பர். ஆனால் இவ்வளவுகோல்கள் போதாத பாட்டு வகை ஒன்று உண்டு. அதுவே நாட்டுப்பண். தனித்திருந்து படிப்பதற்கென்று அஃது ஆக்கப்படுவதில்லை. தேர்ந்த பாடகர் அரங்கேறிப் பாடுவதற்கென்றும் ஆக்கப்படுவதில்லை. கடைக்காரரும் காவலரும், ஆசிரியரும் மாணவரும், இசை தெரிந்தாரும் தெரியாதாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று பாடுதற்கு உரியது அது. ஆதலின் அதன் தகுதியை ஏட்டில் காண இயலாது. கூட்டத்தில்தான் காண வேண்டும்.

இந்நோக்கில் பார்த்தால், பெரும்புகழ் பெற்ற நாட்டுப்பண்கள் சில பாடுதற்கு இடர் தருவனவாக இருத்தல் புலப்படும். அமெரிக்க நாட்டுப்பண் அவற்றுள் முதலாவது. 1814-ஆம் ஆண்டில் கோட்டையொன்று பீரங்கித் தாக்குதலைத் தாங்கி நின்றதைக் கண்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ என்னும் வழக்கறிஞர் அதன் சொற்களை எழுதினார். மெட்டோ, இலண்டன் மாநகரில் இசையன்பர் கழகம் ஒன்றின் விருந்துகளில் பாடப்பட்டு வந்தது. தேர்ந்த ஒருவர் பாட, இறுதிப் பகுதியில் மட்டும் மற்றையோர் சேர்ந்துகொள்வர். அம்மெட்டின் அடிச்சுரத்தைச் சட்சமாகக் கொண்டால், உச்சிச்சுரம் மேல் தாயியின் பஞ்சமத்தைத் தொடும். கருநாடக இசை பயின்றார்க்கு இஃது அரிதன்று. தெருவில் செல்வோர்க்கு அரிதே. இதனையே 1931-இல் அந்நாட்டார் சட்டத்தின் வாயிலாக நாட்டுப்பண் ஆக்கினர்.

பாட முடியாத பாட்டை மக்கள் என்ன செய்வர்? பாடத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பர். 1918-இல் பேஸ்பால் இறுதிப்போட்டி ஒன்றின் நடுவே இசைக்குழு அதனை முழக்கியபோது கூட்டத்தார் தாமே சேர்ந்து பாடினர். நாளடைவில் விளையாட்டுத் திடல்களில் தனிப்பாடகரை அழைத்துப் பாடச்செய்யும் வழக்கம் வேரூன்றியது. 1968-இல் ஹோசே பெலிசியானோ என்னும் கண்பார்வையற்ற பாடகர் கித்தார் இசையோடு தம் போக்கில் அதனைப் பாடியபோது நாடெங்கும் சினம் மூண்டது. 1991-இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது நாடெங்கும் பாராட்டு எழுந்தது. சினமும் பாராட்டும் வேறு வேறாகத் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. மக்கள் அங்கே பாடுவோராக இல்லை. கேட்டுத் தீர்ப்புக் கூறுவோராகிவிட்டனர். நாட்டுப்பண் கச்சேரி உருப்படியாகிவிட்டது.

இதற்கு நேர்மாறானது வேல்ஸ் நாட்டு வழக்கம். 1856-இல் நெசவாளர் ஒருவர் சொல் எழுத, அவர் மகனார் மெட்டமைத்த பாட்டு அந்நாட்டுப்பண். எந்த அரசும் அதனைப் பிறப்பித்ததில்லை. 1905-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கார்டிப் நகரில் நியூசிலாந்து ரக்பி ஆட்டக்காரர் தம் மவோரிப் போர்க்கூத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் ஆட்டக்காரர் அதற்கு விடையாக இப்பாட்டைத் தொடங்கினர்; சூழ்ந்திருந்த மக்கள் வெள்ளம் உடன் பாடியது. விளையாட்டுத் திடலில் நாட்டுப்பண் பாடும் வழக்கத்திற்கு அதுவே முன்னோடி என்பர். வேல்ஸ் மொழி பேசுவோர் அந்நாட்டில் இன்று சிறுபான்மையினரே. எனினும் அம்மொழி பேசாதாரும் இவ்வொரு பாட்டைச் சொல் பிழையாமல் கற்றுக்கொள்கின்றனர். 1993-இல், அந்நாட்டு அலுவல்களைக் கவனிக்க இலண்டனிலிருந்து அமர்த்தப்பட்ட அமைச்சர் ஒருவர், சொல் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துத் தலையை ஆட்டியது படக்கருவியில் பதிவாகி, இன்றளவும் நகைப்புக்கு இடமாயிற்று. வாயசைப்பதினும் வாய் மூடி நிற்றலே மதிப்பாகும் என்பதை அவர் அறிந்திலர் போலும்!

கூடிப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மகளிர் எழுவர், ஏழு சுரங்களின் பெயர் பூண்டு வட்டமாய்க் கைகோத்து நின்று பாடி ஆடுகின்றனர். அங்கே கேட்போர் வேறு, பாடுவோர் வேறு என்ற பிரிவு மேலோங்கவில்லை. திருக்கோயில்களில் ஓதுவார் பாட ஏனையோர் செவிமடுக்கும் முறையும் தமிழர்க்கு உண்டு. இரண்டும் சிறந்தனவே. ஆனால் நாட்டுப்பண் குரவை வகையைச் சேர்ந்ததே அன்றி ஓதுவார் வகையைச் சேர்ந்ததன்று.

மலாயா விடுதலை பெற்ற 1957-இல் இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. நாட்டுப்பண்ணுக்கென உலகளாவிய போட்டி நடத்தப்பட்டது. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்ட்டன் முதலிய பெரும் இசைப்புலவரும் வேண்டப்பட்டு மெட்டு அனுப்பினர். எதுவும் ஏற்கப்படவில்லை. இறுதியில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு தெரிந்தெடுத்தது பேராக் மாநிலப் பண்ணின் மெட்டையே. அதே மெட்டு 'தெராங் புலான்' என்னும் காதற்பாட்டாக மலாய் மக்கள் நாவில் முன்பே உலவியது. பெரும்புலவர் புதிதாய் ஆக்கித் தந்ததைவிட ஊரார் வாயில் பழகிய மெட்டே பாடுதற்கு ஏற்றது எனக் கண்டது நல்ல இசைத் தெளிவு. குரலை வருத்தாத அளவில் ஏறி இறங்குவது அம்மெட்டு. மூச்சு வாங்கவும் இடம் தருவது. 1990-களில் அதனை அணிநடை வேகத்திற்கு முடுக்கியதும், 2003-இல் பழைய நடைக்கே மீட்டதும் பலர் நினைவில் இருக்கும். வேகம் கூடியபோது இசைக்குழுவுக்குக் கிளர்ச்சி கூடியிருக்கலாம்; பள்ளிப் பிள்ளைகள் சொற்களை விழுங்கினர்.

சிங்கப்பூரிலும் இத்தகைய திருத்தம் ஒன்று நிகழ்ந்தது. சுபைர் சாயித் 1958-இல் நகரமன்றத்திற்கென ஆக்கிய 'மஜுலா சிங்கப்பூரா', சுருக்கப்பட்டு 1959-இல் நாட்டுப்பண்ணாயிற்று. 2001-இல் அதன் சுருதியை ஒரு முழுச்சுர அளவு இறக்கிப் புதிதாய் இசையமைத்தனர். எல்லாரும் எட்டிப் பாட வேண்டும் என்பதே நோக்கம். ஒரு பாட்டின் சுருதியை இறக்குவது அதன் பெருமையை இறக்குவதாகாது. அமெரிக்கர் செய்யாததைச் சிங்கப்பூரர் செய்தனர்.

மெட்டு எளிதாயினும் மொழி எழுப்பும் வினா எளிதன்று. இசுபானிய நாட்டுப்பண்ணுக்குச் சொற்களே இல்லை. 2008-இல் எழுதி முன்வைக்கப்பட்ட வரிகளும் சில நாளில் திரும்பப் பெறப்பட்டன. திடலில் கூடும் மக்கள் 'லோ லோ லோ' என்று முழங்கியே நிறைவு பெறுகின்றனர். சுவிட்சர்லாந்தில் ஒரே மெட்டுக்கு நான்கு மொழிகளில் வரிகள் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் வழி இவ்விரண்டினும் வேறு. ஈனோக் சொன்டோங்கா என்னும் பள்ளியாசிரியர் 1897-இல் ஆக்கிய வழிபாட்டுப் பாட்டு ஆப்பிரிக்க மக்களின் விடுதலைப் பாட்டாக வளர்ந்தது. வெள்ளையர் ஆட்சியின் பாட்டோ ஆப்பிரிகான்சு மொழியில் எழுந்தது. 1994-இல் இரண்டும் ஒருங்கே நாட்டுப்பண்களாயின. 1997-இல் ஒன்றாய் இணைக்கப்பட்டன. ஒரே பாட்டில் கோசா, சூலு, செசோதோ, ஆப்பிரிகான்சு, ஆங்கிலம் என ஐந்து மொழிகள். நடுவே சுருதியும் மாறுகிறது. இசையிலக்கணப்படி நோக்கின் ஒட்டுத் தெரியும் பாட்டு என்று குறை கூறலாம். ஆனால் தன் மொழி வரும் வரை காத்திராமல், முன்பு தன்னை ஒடுக்கியவர் மொழியிலும், தான் ஒடுக்கியவர் மொழியிலும் ஒருவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயத்தை அந்த ஒட்டே உண்டாக்குகிறது. குறை எனப்படுவதே அப்பாட்டின் உயிர்.

இலங்கையில் நிலைமை வேறு. ஆனந்த சமரக்கோன் 1940-இல் ஆக்கிய பாட்டு 1951-இல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. புலவர் மு. நல்லதம்பி அதே மெட்டில் பாடுமாறு அதனைத் தமிழாக்கினார். தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் அதனைப் பாடி வந்தனர். அரசின் விடுதலை நாள் விழாவிலோ தமிழ் வடிவம் நெடுங்காலம் ஒலிக்கவில்லை. 2016-இல் ஒலித்தது, 2020-இல் மீண்டும் விடப்பட்டது. மெட்டும் ஒன்று, பொருளும் ஒன்று, நாடும் ஒன்று. ஒரு சாரார் தமக்குப் புரியும் மொழியில் நாட்டை வாழ்த்துவது நாட்டைப் பிளக்கும் என்னும் கூற்று ஆய்வுக்கு நில்லாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்லாரும் மலாயிலேயே பாடுகின்றனர். சிங்கப்பூரில் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. ஆயினும் அது பொருளறிவதற்கே அன்றிப் பாடுவதற்கன்று. இதில் குறை காண வேண்டுவதில்லை. ஒரே நேரத்தில் எழும் குரல்கள் ஒன்றாய் ஒலிக்கச் சொல்லும் ஒன்றாதல் நலமே. ஆனால் பொருள் தெரியாமல் பாடுவோர் பாடுகின்றனரா, ஒலிக்கின்றனரா?

இவ்வினாவை எழுப்புவதற்கு மலாயாத் தமிழரைவிடத் தகுதியுடையார் அரியர். 1941 வரை பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில மன்னரை வாழ்த்திப் பாடினர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அதே பிள்ளைகள் காலைதோறும் 'கிமிகாயோ' பாடினர். பத்தாம் நூற்றாண்டுத் தொகை நூல் ஒன்றிலிருந்து எடுத்த பழம்பாட்டு என்பதும், அரசர் ஊழி வாழ்க என்பதே அதன் கருத்து என்பதும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? போர் முடிந்ததும் மறுபடி ஆங்கிலப் பாட்டு, 1957-இல் 'நெகாராகூ'. ஒரே தலைமுறை, ஏறத்தாழ ஒரே பணிவோடு, ஒன்றுக்கொன்று பகையான அரசுகளின் பாட்டுகளைப் பாடியது. எழுந்து நின்ற உடலையும் அசைந்த உதட்டையும் கொண்டு நாட்டன்பை அளப்பார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதே ஆண்டுகளில் வேறொரு பாட்டும் தோட்டத் தமிழர் வாயில் ஒலித்தது. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த விடுதலை அரசு, தாகூர் பாட்டின் வழிவந்த 'சுப் சுக் சைன்' என்னும் இந்துஸ்தானிப் பாட்டைத் தன் நாட்டுப்பண்ணாகக் கொண்டது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர்க்கு அம்மொழி தெரியாது. எனினும் தாமே விரும்பிச் சேர்ந்த படையின் பாட்டாதலால் அதனைத் தமதாகக் கொண்டனர். மொழி புரியாமை இரண்டிற்கும் பொது. ஒன்று ஏவலால் பாடப்பட்டது, மற்றொன்று விருப்பால் பாடப்பட்டது.

ஏவல் மிகுந்தால் என்னாகும் என்பதற்கு ஜப்பானே சான்று. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹிரோஷிமா மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பட்டமளிப்பு விழாவில் 'கிமிகாயோ' பாடச்செய்ய வேண்டும் என்ற கல்வி வாரியத்திற்கும், கூடாதென்ற ஆசிரியர்க்கும் இடையே சிக்கி, விழாவிற்கு முன்னாள் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அப்பாட்டு சட்டப்படி நாட்டுப்பண் ஆயிற்று. 2003-இல் தோக்கியோக் கல்வி வாரியம் ஆசிரியர் எழுந்து நின்று பாட வேண்டும் என ஆணையிட்டது. மறுத்த ஆசிரியர் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டனர். 2011-இல் உச்ச நீதிமன்றம், எழுந்து நிற்கச் சொல்லும் ஆணை செல்லும் என்றது. மறு ஆண்டில் கடுந்தண்டனைகளுக்கு மட்டும் வரம்பு கட்டியது.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 1986-இல் வேறு வழி சென்றது. கேரளப் பள்ளியொன்றில் மூன்று பிள்ளைகள் தம் சமயக் கொள்கை காரணமாக நாட்டுப்பண் பாடாது, மரியாதையாக எழுந்து மட்டும் நின்றனர். அதற்காகப் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். பாடியே தீர வேண்டும் எனச் சட்டம் ஏதும் இல்லை, மதிப்போடு நிற்றலே போதும் என்று கூறி நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் செய்தது. அந்நாட்டின் நீதித்துறைத் தீர்ப்புகளுள் ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது இது. அதே நீதிமன்றம் 2016-இல் திரையரங்குகளில் நாட்டுப்பண்ணைக் கட்டாயமாக்கிப் பின் 2018-இல் விருப்பத்திற்கு விட்டதை இத்தீர்ப்போடு வைத்துப் பார்க்கின், முந்தைய தீர்ப்பின் தெளிவு மேலும் விளங்கும். படம் பார்க்க வந்தவரை எழுப்பி நிறுத்துவது எளிது. இங்கிலாந்தில் படம் முடிந்ததும் அரசிப் பாட்டு ஒலிக்கும் முன்னரே வாயிலை நோக்கி விரைந்தவர் கூட்டம் 1960-களில் நகைச்சுவைக்குப் பொருளாயிற்று.

மலேசியாவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நேராக நிற்கச் சொல்கிறது. அவமதிப்போர்க்குத் தண்டனை உண்டு. நிற்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பாடுவதோ பள்ளியின் பொறுப்பு. அப்பொறுப்பை இன்று பல இடங்களில் ஒலிப்பதிவு ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டரசு 2021-இல் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றோர் வாய்விட்டுப் பாடுதல் வேண்டும் எனப் பணித்தது பொருத்தமே. காலைச் சபையில் ஒலிபெருக்கி முழங்க, முன்வரிசைப் பிள்ளைகள் முணுமுணுக்க, பின்வரிசைப் பிள்ளைகள் வாளா நிற்பது தமிழ்ப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாள் அக்கருவியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைத் தாமே பாட விட்டால், எந்தச் சொல்லில் அவர்கள் குரல் தேய்கிறது என்பது ஆசிரியர் செவிக்குத் தெரிந்துவிடும். அன்றைய முதற்பாடத்தை அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.