வெப்பச் சீராக்கியும் அதன் அளவுகோலும்

குளிர்நாட்டு இல்லங்களில் சுவரிற் பொருத்திய சிறு கருவியொன்று உலையை ஏற்றியும் அணைத்தும் அறையின் வெப்பத்தை ஒரு நிலையில் நிறுத்தும். தெர்மோஸ்டாட் என்பது அதன் பெயர். வெப்பச் சீராக்கி எனலாம். 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த நெஸ்ட் முதலிய புதுவகைகள் இணையத்தோடு தொடர்புடையவை; வீட்டார் வெளியே சென்றதை உணர்ந்து தாமே வெப்பத்தைத் தணிப்பன. இதனால் எரிபொருள் மிச்சமாகும் என்பர் விற்போர். அம்மிச்சத்தை எங்ஙனம் அளப்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை இதில் முன்னரே ஒருமுறை இடறியது. நேரங் குறித்து வைக்கத்தக்க சீராக்கிகளுக்கு 1995 முதல் எனர்ஜி ஸ்டார் முத்திரை அளித்தது. எதிர்பார்த்த மிச்சம் இல்லங்களிற் காணப்படாமையின் 2009 இறுதியில் அதனை நீக்கியது. கருவியின் ஆற்றலைப் பார்த்தார்கள்; அதைக் கையாள்வோரைப் பார்க்கவில்லை. 2016-இல் வகுத்த விதி இப்பிழையை ஓரளவு திருத்தியது. மக்கள் வாழும் இல்லங்களில் கருவிகள் பதிந்த குறிப்புகளைக் கொண்டே கணக்கிடச் சொன்னது. சூடேற்றும் நேரம் சராசரியாக 8 விழுக்காடும் குளிரூட்டும் நேரம் 10 விழுக்காடுமேனும் குறைதல் வேண்டும். பாராட்டத்தக்கதே.

ஆயினும், எதிலிருந்து குறைதல்? இங்கேதான் குறை. குளிர்காலத்தில் அவ்வீட்டில் எடுத்த நூறு பதிவுகளில் 90-க்கு மேற்பட்டு நிற்கும் வெப்பநிலையை வீட்டார் விரும்பும் இதநிலை எனக் கொள்கின்றனர். கருவி இல்லாவிடின் இரவும் பகலும் வீடு அந்நிலையிலேயே இருந்திருக்கும் என்பது அவர்தம் அனுமானம். உறங்கப் போகுமுன் தன் கையாலேயே வெப்பத்தைக் குறைத்துவந்த சிக்கனக்காரி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். புதுக்கருவி வந்தபின்னும் அவள் செய்வது அதுவே. மிச்சமோ கருவியின் கணக்கில் ஏறுகிறது! ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொன்றோடு ஒப்பிட இக்கோல் உதவலாம். பழையதை மாற்றினால் கட்டணம் எவ்வளவு குறையும் என்ற வினாவிற்கு அதில் விடையில்லை. மின்னிறுவனங்கள் கழிவு கொடுப்பதும் மக்கள் பணம் செலவிடுவதும் அவ்விடையை நாடியன்றோ!

பொருளியலார் சிலர் கலிபோர்னியாவிற் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகையது. குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த இல்லங்களில் மட்டும் புதுக்கருவி பொருத்தி, ஏனையவற்றோடு 18 மாதம் ஒப்பிட்டனர். மிச்சத்தைக் கருவியின் வாய்மொழியாற் கேளாது, மின்சார, எரிவாயுப் பதிவுகளையே நோக்கினர். அவை 1 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. குறிப்பிடத்தக்க மிச்சம் எதுவும் தென்படவில்லை. கருவி தணித்து வைத்ததை வீட்டார் தம் விருப்பம்போல் மாற்றிவிட்டனர். கலிபோர்னியாவின் குளிர் மென்மையானது. மினசோட்டாவின் பனிக்கும் இம்முடிவு பொருந்துமா என்பதை அங்கும் இங்ஙனமே குலுக்கிச் சோதித்தே கூறல் வேண்டும்.