முகம் தெரியும் நீச்சல்

நீச்சல் வீராங்கனையின் முகத்தை நன்றாகப் பார்க்க முடிவது பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும்தான். மற்ற வகைகளில் தொப்பி தெரியும், தோள் தெரியும், மூச்சுக்குத் தலை தூக்கும் கணத்தில் வாய் தெரியும். மல்லாந்து நீந்துபவருக்கோ மறைத்துக்கொள்ள இடமே இல்லை. வலி, பிடிவாதம், நிதானம் எல்லாம் கூரை விளக்கின் வெளிச்சத்தில் அப்படியே தெரியும். அதனால்தான் உலக நீச்சல் போட்டி சிங்கப்பூருக்கு வருகிறது என்றதும், மகளிர் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் இறுதிச்சுற்று என்றைக்கு என்றுதான் முதலில் தேடினேன். 2025 ஜூலை 29, செவ்வாய் மாலை, காலாங்.

தென்கிழக்காசியாவுக்கே இந்தப் போட்டி வந்தது அதுதான் முதல் தடவை. அதிலும் நான் காத்திருந்தது இரண்டு பேருக்காக. ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோன், அமெரிக்காவின் ரீகன் ஸ்மித். டோக்கியோவிலும் பாரிஸிலும் 100, 200 இரண்டு தூரத்திலும் தங்கம் வென்றவர் மெக்கியோன். அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் பேக்ஸ்ட்ரோக்கில் இப்படிச் செய்த பெண் வேறு யாரும் கிடையாது. ஆனால் உலகச் சாதனை ஸ்மித்திடம் இருக்கிறது: 57.13 நொடி, 2024 ஜூனில் இண்டியானாபொலிஸில் நீந்தியது. பதக்கம் ஒருவரிடம், சாதனை இன்னொருவரிடம். இதைவிட நல்ல பகை விளையாட்டில் வேறென்ன வேண்டும்!

அந்தத் தொடக்கத்தை நேரில் பார்க்க வேண்டும், ஐயா! முதல் நீண்ட விசிலுக்கு எட்டுப் பேரும் தண்ணீரில் குதிக்கிறார்கள். இரண்டாவது விசிலுக்குச் சுவருக்கு வந்து கைப்பிடியைப் பற்றுகிறார்கள். உடம்பைச் சுருட்டி மேலே இழுக்கிறார்கள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒலி கேட்டதும் எட்டு முதுகுகளும் வில்லாக வளைந்து பின்னோக்கிப் பாய்ந்து, தண்ணீருக்குள் மறைந்தன. 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். அதுவரை உள்ளே டால்பின் உதைதான்.

பிறகுதான் எனக்குப் பிடித்த அதிசயம். போகிற திசையை இவர்கள் யாரும் பார்ப்பதில்லை. சுவர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, அதற்கு 5 மீட்டர் முன்னால் மேலே தொங்கும் கொடித்தோரணம் ஒன்றுதான் உண்டு. கொடி கண்ணைக் கடந்ததும் கைவீச்சை எண்ணத் தொடங்க வேண்டும். ஒன்று கூடினால் விரல் நசுங்கும், ஒன்று குறைந்தால் நேரம் போகும். முழு வேகத்தில், நெஞ்சு வெடிக்கிற நிலையில் அந்தக் கணக்கு பிசகாமல் நடக்கிறது!

கடைசி 25 மீட்டரில் நான் உட்காரவே இல்லை. பின்பாதியில் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்த மெக்கியோன் அன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. கை சுழலும் தாளம் கொஞ்சமும் குலையவில்லை. முகத்தில் அவ்வளவு அமைதி. கால்கள் மட்டும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தன. இருவரும் கையைப் பின்னால் எறிந்து சுவரைத் தொட்டார்கள். திரையில் எண்கள் வந்தன: மெக்கியோன் 57.16, ஸ்மித் 57.35. உலகப் போட்டிச் சாதனை! உலகச் சாதனைக்கு 0.03 நொடிதான் பாக்கி. தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்திக்கொண்டே ஸ்மித்துக்காக மனசு கனத்தது. டோக்கியோவில் மெக்கியோனுக்குத் தங்கம் தந்த நேரம் 57.47. அதைவிட வேகமாக நீந்தியும் இங்கே வெள்ளிதான். ஒருவரை ஒருவர் எவ்வளவு உயரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள், பாருங்கள்.

வெண்கலம் அமெரிக்காவின் கேத்தரின் பெர்காஃபுக்கு. அவருடைய அப்பா டேவிட் பெர்காஃப் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் வெள்ளி வென்றவர். முதல் நீளத்தில் பாதிக்கும் மேலான தூரத்தைத் தண்ணீருக்கு அடியிலேயே உதைத்துக் கடந்து உலகை வாய்பிளக்க வைத்தவர். அந்த ஒலிம்பிக்குக்குப் பிறகுதான் நீருக்கடி தூரத்துக்கு எல்லை வந்தது. முதலில் 10 மீட்டர், பின்னர் 15. அப்பா காலத்து நீச்சலால் பிறந்த விதிக்குள் நின்று மகள் பதக்கம் வாங்குவதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது தங்கத்துக்குக் குறைந்ததல்ல.

அதே வாரம் 200 மீட்டரையும் மெக்கியோன் 2:03.33 நேரத்தில் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கும் ஒலிம்பிக்குக்குள் வருகிறது. உங்கள் ஊர்ப்பக்கம் எங்கே சர்வதேச நீச்சல் நடந்தாலும் பேக்ஸ்ட்ரோக் இருக்கிற மாலைக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள். முடிந்தால் கொடித்தோரணத்துக்கு நேராக, உயரமான வரிசையில் இடம் பிடியுங்கள். அங்கிருந்துதான் முகங்கள் நன்றாகத் தெரியும்.