வழிகாட்டியின் நேரக் கணக்கு

மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 190 கிலோமீட்டரில் விளாதிமிர் நகரம். அதையும் தொட்டுச் செல்லும், பழைய ரஷ்ய நகரங்களின் ‘தங்க வளையம்’ பேருந்துச் சுற்றுலாவில் நான் மிகவும் ரசிப்பது வழிகாட்டியின் நேரக் கணக்கை. மைக்கைப் பிடித்தபடி 1164இல் எழுந்த பொன்வாயிலின் கதையை அவர் சொல்லி முடிக்கவும், ஜன்னலில் அந்த வெண்கல் வளைவு தெரியவும் சரியாக இருக்கும். உஸ்பென்ஸ்கி பேராலயத்தில், 1408இல் அந்திரேய் ருப்ளியோவும் தனீல் சோர்னியும் தீட்டிய சுவரோவியங்களின் முன் பேச்சைச் சுருக்கிக்கொள்வார். எந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வார். நெர்ல் ஆற்றங்கரைத் தேவாலயத்துக்குப் புல்வெளியில் நெடுநடை. வெள்ளம் தொடாதிருக்க மேட்டுக்குள் ஆழமாகக் கல் அடித்தளம் இட்டிருப்பதை விளக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எப்போது பேசுவது, எப்போது பார்க்க விடுவது என்று அறிந்திருப்பது பெரிய கலை. அதைச் சலிக்காமல் செய்பவர்களுக்கு என் வணக்கம்.